குர்ட்ஸைக் கெடுத்தது காடா, கணக்குப் புத்தகமா?

பாம்பன் வாசகர் எழுதியது:

சென்ற ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எங்கள் வாசகர் வட்டம் கூடியபோது, ஜோசப் கான்ராடின் ‘இருளின் இதயம்’ குறுநாவலைப் பற்றித் தொடங்கிய வாக்குவாதம், கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் பாதியில் நின்றது. அதை இங்கே தொடரலாம் என்று எண்ணுகிறேன். படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்லோ என்ற மாலுமி, ஐரோப்பிய வணிகக் கம்பெனி ஒன்றின் நீராவிப் படகை ஓட்டிக்கொண்டு ஆப்பிரிக்க ஆறு ஒன்றின் வழியே உள்நாட்டுக்குப் போகிறான். ஆற்றின் கோடியில் இருக்கும் குர்ட்ஸ் என்ற முகவன், மற்ற முகவர்கள் எல்லாரும் சேர்ந்து அனுப்பும் அளவுக்குத் தான் ஒருவனே யானைத் தந்தம் அனுப்புகிறவன். ஓவியமும் பேச்சும் கைவந்தவன். ‘காட்டுமிராண்டிகளுக்கு’ நாகரிகம் கற்பிப்பது குறித்து உருக்கமான அறிக்கை ஒன்றும் எழுதியவன். மார்லோ போய்ச் சேரும்போது அவன் வீட்டைச் சுற்றி நட்ட கழிகளின் உச்சியில் மனிதத் தலைகள் இருக்கின்றன. அந்த அறிக்கையின் அடியிலோ, அத்தனை மிருகங்களையும் ஒழித்துக்கட்டுங்கள் என்று பின்னாளில் கிறுக்கிய ஒரு வரி இருக்கிறது.

பேராசை குர்ட்ஸுக்குள் முன்பே இருந்தது, அதை அடக்கி வைத்திருந்த ஊர்தான் காட்டில் இல்லாமல் போயிற்று என்பது என் கட்சி. மார்லோ தன் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும் நண்பர்களைப் பார்த்து, ஒரு தெருமுனையில் கசாப்புக்கடையும் மறுமுனையில் காவலரும் இருக்க வாழ்கிற உங்களுக்கு இது எப்படிப் புரியும் என்று கேட்கிறானே, அந்த இடம்தான் நாவலின் அச்சாணி என்று நினைக்கிறேன். அந்தக் காவலருக்கு நம் ஊரில் ‘நாலு பேர்’ என்று பெயர். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் விலகிய இடத்தில் மனிதன் எதுவரை போவான் என்பதைத்தான் கான்ராட் எழுதினார். காலனி ஆட்சி அதற்கு ஒரு மேடை மட்டுமே. நாடகம் மனித மனத்தில் நடக்கிறது.

சங்குமால் பேரன் எழுதியது:

ஐயா, நாலு பேர் இல்லாததால் குர்ட்ஸ் கெட்டான் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவனைப் பற்றிப் பேச நாலு பேர் இருக்கவே செய்தார்கள். அந்த நாலு பேரும் கம்பெனி ஆட்கள், அவர்கள் கேட்ட ஒரே கேள்வி இந்த முறை எவ்வளவு தந்தம் வந்தது என்பது. கழிகளில் இருந்த தலைகளைப் பற்றி மேலாளர் என்ன சொல்கிறார் என்று மறுபடியும் ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன். குர்ட்ஸின் வழிமுறை சரியில்லை, அதனால் அந்த வட்டாரத்தில் சில காலம் வியாபாரம் செய்ய முடியாமல் போய்விட்டது என்று அவர் வருந்துகிறார். அவருடைய அறம் முழுவதும் அந்த வருத்தத்திற்குள் அடங்கிவிடுகிறது.

அதைவிட என்னை உறுத்துவது ஆற்றின் கீழ்த்துறையில் உள்ள கம்பெனி நிலையத்தில் இருக்கும் கணக்கர். சுற்றிலும் வேலை வாங்கி வாங்கி வற்றிப்போன மனிதர்கள் மர நிழலில் கிடந்து செத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் கஞ்சி போட்ட வெள்ளைக் கழுத்துப்பட்டையோடு உட்கார்ந்து பேரேடு எழுதுகிறார். பக்கத்தில் கிடத்தப்பட்ட நோயாளியின் முனகலால் தவறில்லாமல் பதிவு செய்வது கடினமாக இருக்கிறது என்று குறைப்படுகிறார். அவர் எவரையும் கொல்லவில்லை, திருடவுமில்லை. நாலு பேர் பார்த்தால் பாராட்டக்கூடிய மனிதர்தான்.

நாவல் எந்த நாட்டின் பெயரையும் ஆற்றின் பெயரையும் சொல்லாவிட்டாலும், கான்ராட் 1890இல் காங்கோவில் நீராவிப் படகில் வேலை பார்த்தவர் என்பது தெரிந்ததே. அந்நிலப்பரப்பு 1885 முதல் 1908 வரை பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சொந்தச் சொத்தாக இருந்தது. அங்கிருந்த அலுவலர்களுக்குச் சம்பளம் குறைவு. தந்தத்தையும் ரப்பரையும் எவ்வளவு மலிவாகத் திரட்டினார்களோ அவ்வளவு அதிகமாகக் கழிவுத்தொகை கிடைத்தது. இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்துவிட்டு, அதற்குள் போனவன் ஏன் கெட்டான் என்று அவன் மனத்தைத் தோண்டிப் பார்ப்பது எனக்கு விந்தையாகத் தோன்றுகிறது.

என் பாட்டனார் கரையில் சங்கு எண்ணிக் கணக்கு வைத்தவர். குளித்தெடுத்த சங்குகளை ஓர் அளவு வளையத்தில் போட்டுப் பார்ப்பார்கள். வளையத்துக்குள் நுழைந்து விழும் குஞ்சுச் சங்கைத் திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும் என்பது விதி. குளிப்பவர் நல்லவரா, கெட்டவரா என்று அந்த வளையம் கேட்டதில்லை. லியோபோல்டின் காங்கோவில் எதையும் திரும்ப விடச் சொல்லும் வளையம் ஒன்று இருந்ததா என்பதுதான் என் கேள்வி.

தேவிபட்டினம் மாணவி எழுதியது:

நான் இந்த நாவலை இன்னும் படிக்கவில்லை. இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். அவ்வளவு யானைத் தந்தம் எதற்குத் தேவைப்பட்டது?

சங்குமால் பேரன் எழுதியது:

பியானோக் கட்டைகளுக்கும், பில்லியர்ட்ஸ் பந்துகளுக்கும், சீப்புக்கும், கத்திப் பிடிக்கும் போயிற்று. நாவல் தொடங்கும்போது லண்டன் அருகே தேம்ஸ் ஆற்றில் நங்கூரமிட்ட படகில் கதை கேட்க உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் டோமினோக் காய்களை அடுக்கி விளையாடிக்கொண்டிருக்கிறார்; கடைசியில் குர்ட்ஸின் வருங்கால மனைவியின் வரவேற்பறையில் ஒரு பெரிய பியானோ நிற்கிறது. கான்ராட் இவற்றைச் சுட்டிக்காட்டிப் பேசுவதில்லை, வைத்துவிட்டுப் போய்விடுகிறார். நம் கடலின் சங்கும் இப்படித்தான் வங்காளத்துப் பெண்களின் கையில் வளையலாயிற்று.

கீழக்கரை வாசகி எழுதியது:

பியானோ இருந்த அந்த வீட்டைப் பற்றி நீங்கள் இருவருமே பேசவில்லை. குர்ட்ஸ் ஆப்பிரிக்காவுக்குப் போனதற்குக் காரணம் நாவலின் கடைசிப் பக்கங்களில் வருகிறது: அவனிடம் போதிய பணம் இல்லை என்று பெண் வீட்டார் அந்தத் திருமண ஏற்பாட்டை விரும்பவில்லை. சபர், அதாவது கடல் கடந்து வெளிநாடு, போய்ச் சம்பாதித்து வந்தால்தான் மதிப்பு என்பது எங்கள் ஊரில் எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டிய செய்தி அன்று. ஆகவே பாம்பன் ஐயா சொல்லும் நாலு பேர், அவனைத் தடுத்து நிறுத்தியவர்களா, கப்பலில் ஏற்றி அனுப்பியவர்களா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது.

ஆனால் சங்குமால் தம்பியோடும் எனக்கு வழக்கு உண்டு. நீங்கள் இருவரும் வெள்ளைக்காரனின் மனத்தைப் பற்றியும் வெள்ளைக்காரனின் கம்பெனியைப் பற்றியுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஆளப்பட்டவர்கள் உங்கள் வாதத்தில் பாடுபடுவதற்கும் சாவதற்கும் மட்டுமே வருகிறார்கள். ஜார்ஜ் ஆர்வெல் 1934இல் வெளியிட்ட ‘பர்மிய நாட்கள்’ நாவலில் ஊ போ கியின் என்ற பர்மிய நீதிபதி வருகிறார். ஆங்கிலப் படை மாந்தளைக்குள் அணிவகுத்து நுழைந்ததைச் சிறுபிள்ளையாக நின்று பார்த்தவர் அவர். இவர்களை எதிர்க்க நம்மவர்களால் ஆகாது, இவர்களை ஒட்டிப் பிழைப்பதே வழி என்று அந்த வயதிலேயே முடிவு கட்டிவிடுகிறார். வழக்கில் இரு தரப்பிலும் லஞ்சம் வாங்கிக்கொண்டு, பிறகு சட்டப்படியே தீர்ப்புச் சொல்வது அவர் வழக்கம், அதனால் நடுநிலையாளர் என்ற பெயரும் கிடைத்துவிடுகிறது. தாமே ஒரு கலகத்தைத் தூண்டிவிட்டுத் தாமே அதை அடக்கி வீரராகிறார். வீராசாமி என்ற இந்திய மருத்துவரை மொட்டைக் கடிதங்களால் கெடுத்து, அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஐரோப்பிய கிளப்பின் இடத்தில் தாம் போய் அமர்கிறார். செய்த பாவங்களுக்கெல்லாம் கடைசிக் காலத்தில் பகோடாக்கள் கட்டிக் கழுவாய் தேடிக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம். முதல் பகோடாவுக்குச் செங்கல் வைக்கும் முன்பே செத்துப்போகிறார். இராமேசுவரத்தில் 22 தீர்த்தங்களுக்கும் வாளி வாளியாக நீர் இறைத்துக் குளிக்க வருகிறவர்களுக்கு இடையே வாழ்கிற நமக்கு அவரை அடையாளம் தெரியாமல் போகாது.

இந்த மனிதரை எந்தக் கம்பெனியும் கழிவுத்தொகை கொடுத்துக் கெடுக்கவில்லை. நாம் கெட்டதற்கும் அவர்களே பொறுப்பு என்று எழுதிக்கொண்டே போனால், நமக்கென்று ஒரு மனச்சான்று இருந்ததாகவே ஆகாது.

சங்குமால் பேரன் எழுதியது:

அக்கா, ஊ போ கியின் நன்றாக எழுதப்பட்ட பாத்திரம் என்பதில் மறுப்பில்லை. ஆனால் இந்த நாட்டவர் லஞ்சம் வாங்குகிறவர்கள் என்ற பேச்சுக்கு ஆட்சியாளரிடம் எப்போதுமே ஒரு பயன்பாடு இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் இந்தியரை உயர் பதவிகளிலிருந்து விலக்கியபோது சொல்லப்பட்ட காரணம் அதுதான். அதே கம்பெனியின் ஊழியர்கள் சென்னையில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலிக்குக் கடுவட்டிக்குக் கடன் கொடுத்து, அந்தக் கடனுக்கு ஈடாக ஊர்களின் வரி வருவாயைப் பிடித்துக்கொண்டார்கள். பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர் தஞ்சாவூர் வருவாயின் மீது பெருந்தொகைக்கு உரிமை கொண்டாடினார். அதற்கு இடம் கொடுக்க மறுத்த ஆளுநர் பிகட்டை அவருடைய சொந்த ஆலோசனைக் குழுவினரே 1776இல் சிறைப்பிடித்தார்கள், அவர் காவலிலேயே மறு ஆண்டு இறந்தார். எட்மண்ட் பர்க் 1785இல் ஆர்க்காட்டுக் கடன்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையை ஆங்கில உரைநடையின் செம்மையான படைப்புகளில் ஒன்றாகவே இன்றும் படிக்கிறார்கள். அதே நவாபின் பெயரில், கம்பெனிப் படையின் துணையோடு, 1772இல் நம் இராமநாதபுரம் கோட்டை விழுந்தது. சிறுவனாக இருந்த இராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதி திருச்சிச் சிறைக்குப் போனார். பின்னர் பதவிக்குத் திரும்பிய அவரை 1795இல் கம்பெனியே நேரடியாக இறக்கிச் சிறை வைத்தது. 1809இல் சென்னையில் கைதியாகவே இறந்தார். பென்ஃபீல்டோ கோடீசுவரராக ஊர் திரும்பி நாடாளுமன்ற உறுப்பினரானார்.

பாம்பன் வாசகர் எழுதியது:

வரலாறு மறுக்க முடியாதது. ஆனால் இலக்கியத்தைப் பற்றிப் பேசத் தொடங்கி, வருவாய்த் துறைக் கோப்புகளில் போய் நிற்கிறோம். நாவலுக்குத் திரும்ப விரும்புகிறேன்.

தம்பி சொல்லும் ஏற்பாடு எல்லாரையும் ஒரே அளவுக்குக் கெடுத்திருக்க வேண்டும் அல்லவா? அதே கம்பெனி, அதே ஆறு, அதே கழிவுத்தொகை. ஆயினும் மேலாளர் சிறுமைக்காரராக மட்டுமே இருக்கிறார். செங்கல் செய்ய வந்தவர் ஒரு செங்கல்லும் செய்யாமல் கோள் சொல்லித் திரிகிறார். குர்ட்ஸ் ஒருவன்தான் தன்னைத் தெய்வமாக்கிக்கொண்டு பூசை ஏற்கும் இடம்வரை போகிறான். இந்த வேறுபாட்டுக்குக் கணக்குப் புத்தகத்தில் விடை இல்லை.

இன்னொன்று, எனக்கு நாவலிலேயே மிகவும் பிடித்த இடம். மார்லோவின் படகில் வேலை செய்யும் ஆப்பிரிக்கர்களுக்கு வாரக் கூலி 3 பித்தளைக் கம்பித் துண்டுகள், ஒவ்வொன்றும் சுமார் 9 அங்குலம். அந்தக் கம்பியைக் கொண்டு கரையோர ஊர்களில் சாப்பாடு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது கம்பெனியின் கருத்து. வழியிலோ ஊரே இல்லை, அல்லது படகு நிற்பதில்லை. அவர்கள் கொண்டுவந்த நீர்யானை இறைச்சி அழுகியதால் அதையும் வெள்ளையர்கள் ஆற்றில் எறிந்துவிட்டார்கள். மனித இறைச்சி உண்பவர்கள் என்று மார்லோ நம்புகிற அவர்கள் முப்பது பேர், வெள்ளையர் ஐந்து பேர். பசி குடலைத் தின்கிறது. ஆயினும் அவர்கள் எவர் மேலும் கை வைக்கவில்லை. அவர்களைத் தடுத்தது எது என்று மார்லோ வியந்து நிற்கிறான். காவலர் இல்லை, அளவு வளையம் இல்லை. ஏற்பாட்டின் அடித்தட்டில் கிடந்தவர்களுக்கு இருந்த அந்த அடக்கம் உச்சியில் இருந்தவனிடம் இல்லை. இதை மனம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

கீழக்கரை வாசகி எழுதியது:

அந்த இடம் எனக்கும் பிடித்ததே. ஆனால் அந்த முப்பது பேரில் ஒருவருக்காவது பெயர் இருக்கிறதா, ஐயா? அவர்கள் அடக்கத்தைப் பற்றி மார்லோ பக்கக்கணக்கில் வியக்கிறான். அவர்களிடம் ஒரு சொல் கேட்டானில்லை. கான்ராட் அவர்களைப் பேச விடுகிற ஓரிடத்தில், பிடித்த ஆட்களைத் தின்னக் கொடுங்கள் என்றுதான் கேட்க வைக்கிறார். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1975இல் ஆற்றிய சொற்பொழிவில், ஓர் ஐரோப்பிய மனம் உடைந்துபோவதைக் காட்ட ஆப்பிரிக்கா முழுவதையும் பின்திரையாக்கிவிட்டார் என்று கான்ராட் மேல் குற்றம் சாட்டியது இதனால்தான். ‘காலனி ஆட்சி ஒரு மேடை மட்டுமே’ என்று நீங்கள் முதலில் எழுதினீர்கள். அந்த மேடைப் பலகையின் கீழ் ஆட்கள் கிடந்தார்கள்.

சங்குமால் பேரன் எழுதியது:

இதில் நானும் அக்காவும் ஒரே பக்கம் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன், அடிக்கடி நடப்பதில்லை.

ஐயாவின் முதல் கேள்விக்கு விடை சொல்ல இன்னொரு நாவல் வேண்டும். டச்சுக்காரர்கள் நம் கடற்கரையில் சங்குக்கும் முத்துக்கும் துணிக்கும் அலைந்தவர்கள். சாவகத்தில், அதாவது ஜாவாத் தீவில், அவர்கள் செய்ததை அவர்களில் ஒருவரே எழுதினார். முல்தாத்தூலி என்ற புனைபெயரில் 1860இல் வந்த ‘மாக்ஸ் ஹாவெலார்’. ஆசிரியர் எடுவர்ட் டவுவெஸ் டெக்கர் 1856இல் லெபாக் வட்டாரத்தில் துணை ஆட்சி அலுவலராக இருந்து, சில மாதங்களிலேயே பதவி விலகியவர். அங்கிருந்த உள்ளூர்த் தலைவர் குடிகளிடம் கூலியில்லா வேலை வாங்குகிறார், எருமைகளைப் பிடுங்குகிறார். அதைக் கண்டு ஹாவெலார் குற்றம் சாட்டும்போது, மேலதிகாரி கோப்பை மூடவே முயல்கிறார். கதைக்குள் கதையாக வரும் சைஜா என்ற சிறுவனின் தந்தையிடமிருந்து எருமை பறிபோகிறது. அடுத்த எருமையும் பறிபோகிறது. இரண்டு எருமை வாங்கும் பணத்தோடு திரும்பி வந்து அதிந்தாவை மணப்பேன் என்று அவன் ஊரைவிட்டுப் போகிறான். அவன் திரும்பியபோது அவள் ஊரில் இல்லை. தேடிக் கண்டடையும்போது டச்சுப் படையின் கையில் இறந்து கிடக்கிறாள்.

ஊ போ கியினைப் போன்ற ஆளைக் கண்டால் நம்மவனின் பேராசை என்கிறோம், டச்சு அதிகாரியைக் கண்டால் வெள்ளையனின் பேராசை என்கிறோம். 1830இல் சாவகத்தில் வந்த கட்டாயச் சாகுபடி முறையில், ஏற்றுமதிப் பயிரின் விளைச்சலுக்கு ஏற்ற ஒரு விழுக்காடு டச்சு அதிகாரிக்கும் போயிற்று, உள்ளூர்த் தலைவருக்கும் போயிற்று. இருவர் பெயரும் ஒரே ஏட்டில் இருந்தன. குர்ட்ஸ் தெய்வமானான், மேலாளர் ஆகவில்லை என்றால், ஏடு அதைப் பற்றிக் கவலைப்படவில்லை என்றுதான் நான் சொல்வேன். இருவரின் தந்தமும் ஒரே தராசில்தான் நிறுக்கப்பட்டது.

தொண்டிக்காரர் எழுதியது:

மூன்று நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்ற தயக்கத்தில் இருந்தேன்.

‘பர்மிய நாட்கள்’ நாவலில் இந்திய மருத்துவர் இருக்கிறார், ஆங்கிலேய மர வியாபாரி இருக்கிறார். என் கொள்ளுப்பாட்டனார் இல்லை. அவர் இங்கிருந்து கப்பலேறிப் போய்ப் பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, சேர்ந்து, பிறகு முகவருக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்தவர். முதலாளி செட்டிநாட்டுக்காரர். 1930ஐ ஒட்டி நெல் விலை விழுந்தபோது கடன் திரும்பவில்லை, நிலம் திரும்பியது. 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் செட்டியார் வட்டிக்கடைகளின் பெயருக்கு வந்திருந்தது. அவர்கள் நிலத்தை விரும்பியவர்களும் அல்லர். பணம் வேண்டியவர்களுக்கு வயல் வந்து சேர்ந்தது, 1942இல் ஜப்பான் படை வந்தபோது அதையும் விட்டுவிட்டு ஓடிவர வேண்டியதாயிற்று. ஆங்கிலேயச் சட்டமும் நீதிமன்றமும் இல்லாமல் அந்த வயல்கள் அப்படிக் கைமாறியிரா என்பதால் சங்குமால் தம்பி சொல்வது சரி. அந்தச் சட்டத்தைத் துணைக்கொண்டு மனு எழுதியவர்கள் நம் எழுத்தில் எழுதினார்கள் என்பதால் கீழக்கரைச் சகோதரி சொல்வதும் சரி.

என் கொள்ளுப்பாட்டனார் எவரையும் அடித்தவரில்லை. வெற்றிலைகூடப் போடாதவர் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். தம்பி எழுதிய அந்தக் கஞ்சி போட்ட கழுத்துப்பட்டைக் கணக்கரைப் படித்ததிலிருந்து எனக்கு அவர் நினைவாகவே இருக்கிறது.

பாம்பன் வாசகர் எழுதியது:

நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. அவர் கையெழுத்தில் ஏதாவது எஞ்சியிருக்கிறதா? இருந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவர இயலுமா? என் கட்சியை நான் முழுவதும் விட்டுவிடவில்லை, ஆனால் கான்ராடை வைத்துக்கொண்டு பேசுவதைச் சற்று நிறுத்தி வைக்கலாம் என்று தோன்றுகிறது.

தொண்டிக்காரர் எழுதியது:

சிட்டை என்னும் அன்றாடக் குறிப்பேடு ஒன்று மட்டும் இருக்கிறது, பேரேடும் ஐந்தொகைக் கணக்கும் முதலாளி வீட்டோடு போய்விட்டன. பர்மியப் பெயர்களைத் தமிழில் தமக்குத் தோன்றியபடி எழுதியிருக்கிறார். பல பெயர்களை என்னால் வாசிக்க முடியவில்லை. அசல், வட்டி, வட்டிக்கு வட்டி, எல்லாம் ஒரு சுழிப்புக்கூடப் பிசகாத அழகான எழுத்து. நேற்று இரவு சைஜாவின் கதையைத் தம்பி எழுதியதைப் படித்த பிறகு அதை எடுத்துப் புரட்டினேன். நடுப்பக்கம் ஒன்றில் ஒரு பெயருக்கு நேரே ‘நிலம் முன்பே பற்றாகிவிட்டது’ என்றும், அதற்குக் கீழே ‘எருமை 2, வரவு’ என்றும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன்.